இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை நூற்று வீதத்தில் கணக்கிடும் முறை

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்த பின்னர் விவசாயிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் விஷயங்களில் மகசூல் ஒப்பீடே முதன்மையானது. இன்ன ரகம் நூற்றுக்கு 25 அதிகம் கண்டது என்றும், இன்ன உரமிட்ட வயல் நூற்றுக்கு 10 கூடுதலாகக் கொடுத்தது என்றும், இவ்வாண்டு கிராமத்தின் விளைவு நூற்றுக்கு 30 குறைந்தது என்றும் சொல்வது வழக்கம். இத்தகைய சொல்லை நம்பியே ஒருவர் தம் நிலம் முழுவதற்கும் புது விதை வாங்குகிறார். இத்தகைய கணக்கை ஆதாரமாகக் கொண்டே பயிர் நஷ்டத்திற்குரிய ஈட்டுத் தொகையும் நிர்ணயமாகிறது. ஆகையால் இக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, எவ்விடங்களில் பிழை நேரக்கூடும் என்பவற்றை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம். கணக்கு கடினமானதன்று, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கே போதும். கவனம் வேண்டுவதெல்லாம் எதனை எதனால் வகுப்பது என்பதிலேயாம்.

சராசரியும் வித்தியாசமும்

நெற்பயிருக்குரிய அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள துண்டு அளந்து அறுக்கப்படுகிறது. அதன் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டராதலால், துண்டில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வந்துவிடும்.

உதாரணமாக, பழைய ரகம் பயிரான வயல்களில் நான்கு துண்டுகள் அறுக்கப்பட்டு 11.2, 12.6, 11.8, 12.4 கிலோ நெல் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றின் கூட்டுத்தொகை 48; நான்கால் வகுக்கச் சராசரி 12 கிலோ. புது ரகத்தில் நான்கு துண்டுகளில் 13.1, 14.7, 13.6, 13.8 கிலோ கிடைத்தன என்க. கூட்டுத்தொகை 55.2, சராசரி 13.8 கிலோ. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் 1.8 கிலோ. ஹெக்டேருக்கு இது 720 கிலோ ஆகும்.

இவ்வித்தியாசத்தை நூற்று வீதமாக்க, பழைய ரகத்தின் சராசரியாகிய 12-ஆல் 1.8-ஐ வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். விடை 15. எனவே புது ரகம் பழைய ரகத்தைவிட நூற்றுக்கு 15 வீதம் அதிகமாக விளைந்தது என்று கூறலாம். ‘பழைய ரகத்தைவிட’ என்னும் சொல் இவ்வாக்கியத்தில் அலங்காரமன்று. அதுவே கணக்கின் அடிப்படை. அதனை நீக்கிவிட்டால் 15 என்ற எண்ணுக்குப் பொருளில்லை.

அடிப்படை மாறினால் வீதமும் மாறும்

ஏக்கருக்கு 20 மூட்டை கண்ட வயல் மறு ஆண்டு 25 மூட்டை கண்டால், ஏற்றம் 5 மூட்டை. 20-ஐ அடிப்படையாகக் கொள்ள அது நூற்றுக்கு 25. அதே வயல் அடுத்த ஆண்டு 25-லிருந்து மீண்டும் 20 மூட்டைக்கு இறங்கினால், இறக்கமும் 5 மூட்டைதான். ஆனால் இப்போது அடிப்படை 25 ஆதலால் அது நூற்றுக்கு 20. ஏறினது 25 வீதம், இறங்கினது 20 வீதம் என்றால் இன்னும் 5 வீதம் இலாபம் நிற்கிறதென்று எண்ணுவது தவறு. வயல் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்துவிட்டது.

இதனாலேயே இரண்டு விவசாயிகள் ஒரே மகசூலைப் பற்றிப் பேசி வாதிட நேர்வதுண்டு. புது ரகம் 25 வீதம் அதிகம் என்பார் ஒருவர். பழைய ரகம் 20 வீதம் குறைவு என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் சரியே. எதனோடு ஒப்பிட்டார் என்பதை ஒவ்வொருவரும் சொல்லியிருந்தால் வாதத்திற்கே இடமில்லை.

பழையது, புதியது என்றோ, முன் ஆண்டு, பின் ஆண்டு என்றோ முறை இருக்குமிடத்தில் பழையதையும் முந்தியதையும் அடிப்படையாகக் கொள்வதே வழக்கம். அவ்வாறு முறை ஏதுமின்றி இரண்டு கிராமங்களை ஒப்பிடும்போது, எந்தக் கிராமத்தை அடிப்படையாகக் கொள்வது என்ற கேள்வி எழும். அத்தகைய இடங்களில் இரண்டு சராசரிகளுக்கும் நடுவான எண்ணால் வகுப்பதுண்டு. 20-க்கும் 25-க்கும் நடு எண் 22.5, வித்தியாசம் 5, வீதம் 22.2. இம்முறையில் எந்தக் கிராமத்தை முதலில் சொன்னாலும் விடை ஒன்றே. ஆயின் நடு எண்ணால் வகுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிடாமல் விடலாகாது.

ஈரத்தின் விளைவு

ஒப்பிடப்படும் இரண்டு சராசரிகளும் ஒரே தன்மையுடையனவாய் இருத்தல் வேண்டும். நெல்லின் எடையில் ஈரமும் சேர்ந்திருக்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் பழைய ரகம் நன்கு முற்றியபின் அறுக்கப்பட்டு நூற்றுக்கு 17 பங்கு ஈரத்துடனும், புது ரகம் சற்று முன்னதாக அறுக்கப்பட்டு நூற்றுக்கு 20 பங்கு ஈரத்துடனும் நிறுக்கப்பட்டதாகக் கொள்வோம். பழைய ரகத்தின் 12 கிலோவில் ஈரம் நீங்கிய உலர் எடை 9.96 கிலோ. புது ரகத்தின் 13.8 கிலோவில் உலர் எடை 11.04 கிலோ. வித்தியாசம் 1.08 கிலோ, 9.96-ஆல் வகுக்க நூற்றுக்கு 10.8. களத்தில் 15 எனத் தோன்றிய மேன்மை காய்ந்தபின் 11-க்கும் குறைவாகிவிட்டது. எஞ்சிய 4 வீதம் தண்ணீரே. ஆதலால் இரண்டையும் ஒரே அளவு ஈரத்திற்கு உலர்த்தி நிறுத்தோ, ஈரத்தை அளந்து கழித்தோ ஒப்பிட வேண்டும்.

பரப்பைக் கவனியாத சராசரி

ஒருவரிடம் 5 ஏக்கர் உள்ளது. 4 ஏக்கரில் ஏக்கருக்கு 20 மூட்டையும், 1 ஏக்கரில் 30 மூட்டையும் விளைந்தன. 20-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி 25 என்பது பிழை. மொத்த விளைவு 80-ம் 30-ம் ஆக 110 மூட்டை. 5 ஏக்கரால் வகுக்க உண்மைச் சராசரி 22. பரப்பு வேறுபடுமிடத்தில் மொத்த விளைவை மொத்தப் பரப்பால் வகுப்பதே முறை.

ஆயினும் முறையாக எடுத்த சராசரியும் சில சமயங்களில் ஏமாற்றும். பின்வரும் உதாரணம் சிந்திக்கத்தக்கது. ஒரு கிராமத்தில் பழைய ரகமும் புது ரகமும் தலா 50 ஏக்கரில் பயிராயின. பழைய ரகம் தலைமடையில் 10 ஏக்கரும் கடைமடையில் 40 ஏக்கரும் பயிராகி, தலைமடையில் ஏக்கருக்கு 30 மூட்டையும் கடைமடையில் 18 மூட்டையும் கண்டது. புது ரகத்தையோ வசதியுள்ளவர்கள் தலைமடையில் 40 ஏக்கரில் நட்டார்கள். கடைமடையில் 10 ஏக்கர் மட்டுமே. அது தலைமடையில் 29 மூட்டையும் கடைமடையில் 17 மூட்டையும் கண்டது.

பழைய ரகத்தின் மொத்தம் 300-ம் 720-ம் ஆக 1,020 மூட்டை; சராசரி 20.4. புது ரகத்தின் மொத்தம் 1,160-ம் 170-ம் ஆக 1,330 மூட்டை; சராசரி 26.6. வித்தியாசம் 6.2, நூற்றுக்கு 30 வீதம் புது ரகம் அதிகம் எனக் கணக்குக் காட்டும். கூட்டலிலோ வகுத்தலிலோ பிழையில்லை. ஆனால் தலைமடையில் புது ரகம் ஒரு மூட்டை குறைவு. கடைமடையிலும் ஒரு மூட்டை குறைவு. இரண்டிடத்திலும் தோற்ற ரகம் மொத்தத்தில் வென்றதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது நல்ல நிலத்தில் அதிகமாக நடப்பட்டதேயாம். அந்த 30 வீதம் விதையின் குணமன்று, வாய்க்காலின் குணம். இக்கணக்கை நம்பிக் கடைமடை விவசாயி புது விதைக்குச் செலவிட்டால், அவர் பெறுவது முன்னைவிடக் குறைந்த மகசூலே. ஆகவே தலைமடையைத் தலைமடையோடும், கடைமடையைக் கடைமடையோடும் ஒப்பிட வேண்டும். குறுவையைச் சம்பாவோடு ஒப்பிடுவதும் இத்தகைய பிழையே.

வீதங்களுக்குச் சராசரி எடுத்தல்

சம பரப்புள்ள இரண்டு வயல்களில் ஓர் உரம் பரீட்சிக்கப்பட்டது என்க. முதல் வயலில் மகசூல் 10 மூட்டையிலிருந்து 15-க்கு ஏறியது; ஏற்றம் நூற்றுக்கு 50. இரண்டாம் வயலில் 30-லிருந்து 33-க்கு ஏறியது. ஏற்றம் நூற்றுக்கு 10. ஐம்பதையும் பத்தையும் கூட்டிப் பாதியாக்கிச் சராசரி ஏற்றம் 30 வீதம் என்று சொல்வோர் உண்டு. உரமிடாத மகசூலின் சராசரி 20 மூட்டை. உரமிட்டபின் சராசரி 24. ஏற்றம் நூற்றுக்கு 20 மட்டுமே. வளங்குறைந்த வயலில் சிறு ஏற்றமும் பெரிய வீதமாகத் தோன்றுவதால் இவ்வேறுபாடு உண்டாகிறது. முதலில் சராசரிகளைக் கண்டு, பின்னர் வீதம் காண வேண்டும். வீதங்களைக் கண்டு அவற்றிற்குச் சராசரி எடுக்கலாகாது.

இதனோடு சேர்த்து மற்றொன்றும் கவனிக்கற்பாலது. ஒப்பிடப்படும் எண்களே வீதங்களாக இருக்கும்போது சொல்லில் எச்சரிக்கை வேண்டும். சான்று பெற்ற நெல்விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது நூற்றுக்கு 80 இருத்தல் வேண்டுமென்பது விதி. ஒரு விதை 80-ம் மற்றொன்று 90-ம் முளைத்தால், நூறு விதைக்குப் பத்து முளை அதிகம். ஆனால் 80-ஐ அடிப்படையாகக் கொண்டால் முளைத்தவற்றின் ஏற்றம் நூற்றுக்கு 12.5. இரண்டு கூற்றும் உண்மையே. 80-லிருந்து 90-க்கு உயர்ந்தது என்று இரண்டு எண்களையும் சொல்லிவிடுவதே மயக்கத்திற்கு இடமற்ற வழி.

வித்தியாசம் மெய்யானதா?

ஒரே ரகம், ஒரே உரம், ஒரே நீர் என்றாலும் வயலுக்கு வயல் விளைவு வேறுபடும். மேலே முதலில் கண்ட உதாரணத்தில் பழைய ரகத்தின் மிக உயர்ந்த எடை 12.6, புது ரகத்தின் மிகக் குறைந்த எடை 13.1. ஒன்றோடொன்று கலக்கவில்லை. அதற்கு மாறாக, பழைய ரகத்தில் 8, 16, 10, 14 கிலோவும், புது ரகத்தில் 9, 17, 12, 17.2 கிலோவும் கிடைத்திருந்தால், சராசரிகள் முன்போலவே 12-ம் 13.8-மாகும், வீதமும் 15 தான். ஆனால் ஒரே ரகத்துக்குள்ளேயே துண்டுக்குத் துண்டு 8 கிலோ வேறுபடும்போது, 1.8 கிலோ வித்தியாசம் ரகத்தால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்று எட்டு வெவ்வேறு வயல்களைக் கொண்டு சொல்ல இயலாது.

அவ்வெட்டுத் துண்டுகளும் நான்கு வயல்களில் இரண்டிரண்டாக அடுத்தடுத்து நட்டவையாயின் நிலைமை வேறு. 8-க்கு அருகில் 9, 16-க்கு அருகில் 17, 10-க்கு அருகில் 12, 14-க்கு அருகில் 17.2 என்று நான்கு இடத்திலும் புது ரகமே மிஞ்சி நிற்கிறது. மண்ணின் வேறுபாடு இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால் கழிந்துபோகிறது. எனவே புது ரகத்தைச் சோதிக்க விரும்புவோர் ஒரே வயலில் இரண்டையும் அருகருகே நட்டு, எந்தப் பக்கம் எது என்பதைக் காசு சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ தீர்மானித்து, இவ்வாறு பல வயல்களில் செய்தல் நலம். ஒரு போகத்தோடு முடிவு கட்டாமல் மறு ஆண்டும் செய்து பார்ப்பது அதனினும் நலம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணியாற்றிய ஆர். ஏ. பிஷர் என்னும் அறிஞர் வயற்பரீட்சைகளுக்கு வகுத்த நெறியின் சாரம் இதுவே.

இந்தியாவில் முற்காலத்தில் விளைச்சலைக் கண்ணால் மதித்து, வழக்கமான விளைவில் இத்தனை அணா என்று எழுதும் முறை இருந்தது. 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிசா பகுதியில் ஜே. ஏ. ஹப்பக் என்பவர் எதேச்சையாகத் தெரிந்தெடுத்த சிறு துண்டுகளை அறுத்து நிறுத்து நெல் மகசூலைக் கணித்தார். பின்னர் 1940-களில் பி. வி. சுகாத்மே முதலியோர் இம்முறையைப் பிற பயிர்களுக்கும் பிற பகுதிகளுக்கும் பரவச் செய்தனர். கண்மதிப்பு மதிப்பவரைப் பொறுத்து மாறும். தராசு அவ்வாறு மாறாது.

காப்பீட்டுக் கணக்கு

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மேற்சொன்னவை யாவும் ஒருங்கே வந்து சேர்கின்றன. இதில் ஒவ்வொரு வயலின் நஷ்டமும் தனித்தனியே கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமத்தின் அல்லது குறுவட்டத்தின் சராசரி மகசூலே, அறுவடைப் பரிசோதனையின் மூலம் கணக்கிடப்படுகிறது. முந்திய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை, அப்பகுதிக்குரிய பாதுகாப்பு வீதத்தால் பெருக்கி வருவது உத்தரவாத மகசூல். இவ்வாண்டின் மகசூல் அதற்குக் குறைந்தால், குறைவை உத்தரவாத மகசூலால் வகுத்து வரும் வீதமே ஈட்டுத் தொகையின் வீதம்.

உதாரணமாக, 5 ஆண்டுச் சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ எனவும், பாதுகாப்பு வீதம் 80 எனவும் கொண்டால், உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. இவ்வாண்டின் சராசரி 3,000 கிலோ என்க. வழக்கமான விளைவோடு ஒப்பிடும் விவசாயி, 5,000-த்தில் 2,000 போயிற்று, நஷ்டம் நூற்றுக்கு 40 என்பார். காப்பீட்டில் அடிப்படை 4,000; குறைவு 1,000; வீதம் 25. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்றால் கிடைப்பது 8,750 ரூபாய். இரண்டு கணக்குக்கும் அடிப்படை வேறு என்பதை முன்னரே எடுத்துச் சொன்னால், தொகை வரும்போது எழும் மனத்தாங்கல்களில் பல எழாமற்போகும்.

இனி, நான்கு துண்டுகளின் சராசரியைக் கொண்டு ஒரு கிராமத்தின் மகசூல் தீர்மானிக்கப்படும்போது ஒரு சிறு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்க்கலாம். ஒரு துண்டில் மட்டும் நெல் ஒரு கிலோ அதிகமாக நிறுக்கப்பட்டதாகக் கொள்வோம். நான்கின் சராசரியில் அது கால் கிலோ. 400-ஆல் பெருக்க ஹெக்டேருக்கு 100 கிலோ. உத்தரவாத மகசூல் 4,000 என்றால் அது நூற்றுக்கு 2.5. மேற்கண்ட தொகைப்படி ஏக்கருக்கு 875 ரூபாய் குறைந்துவிடும். காப்பீடு செய்த பரப்பு 200 ஏக்கராயின் கிராமத்திற்கு 1,75,000 ரூபாய் நஷ்டம். கயிறு தளர்ந்து துண்டு சற்றுப் பெரிதாவதும், தராசு சரிபார்க்கப்படாததும், ஓரத்துக் கதிர்களை உள்ளே சேர்ப்பதும் ஒரு கிலோவை எளிதில் உண்டாக்கிவிடும். பிழை எதிர்ப்பக்கமாக நேர்ந்தால் பொதுப்பணம் வீணாகும். ஆதலின் பரிசோதனை நடைபெறும் நாளில் வயலுக்குரியவரும் அருகிருந்து, நாடா பிடிப்பதையும் எடை நிறுப்பதையும் கவனித்தல் தக்கது.

முடிவுரை

நூற்று வீதம் ஒன்றைக் கேட்டவுடனே ஐந்து கேள்விகளை எழுப்பிப் பார்ப்பது நன்று. முதலாவது, எதனை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது? இரண்டாவது, இரண்டு சராசரிகளும் ஒரே வகை நிலத்திலும், ஒரே போகத்திலும், ஒரே ஈர நிலையிலும் எடுக்கப்பட்டனவா? மூன்றாவது, பரப்பு கணக்கில் சேர்க்கப்பட்டதா? நான்காவது, சராசரிகளின் வீதமா, வீதங்களின் சராசரியா? ஐந்தாவது, எத்தனை துண்டுகள் அறுக்கப்பட்டன, அவை தமக்குள் எவ்வளவு வேறுபட்டன?

கணக்கை எழுதுவோர் வீதத்தை மட்டும் எழுதாமல், இரண்டு சராசரிகளையும், துண்டுகளின் எண்ணிக்கையையும், அடிப்படையையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். ‘நூற்றுக்கு 15 அதிகம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘பழைய ரகம் 4 துண்டுகளில் சராசரி 12 கிலோ, புது ரகம் 4 துண்டுகளில் 13.8 கிலோ, பழையதைவிட நூற்றுக்கு 15 அதிகம், ஈரம் கழிக்கப்படவில்லை’ என்று எழுதினால், படிப்பவர் எவரும் அதனைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கு அதிகம் பிடிப்பது ஒரு வரி காகிதமே. அந்த ஒரு வரி இல்லாமையால் விதைக்கும் உரத்திற்கும் வீண்செலவு செய்வதைக் காட்டிலும், அதனை எழுதும் சிரமம் மிகச் சிறிது.